வேட்டி கட்டும் இடம்

சகாயசெல்வி சிஸ்டருக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் பல பேரை முகத்தால் தெரியாது, வயிற்றால்தான் தெரியும். பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து, "நல்லாருக்கீகளா சிஸ்டர்?" என்று கும்பிட்டால் திருதிருவென்று விழிப்பார். "தொப்புளுக்குப் பக்கத்துல பெரிய மச்சம் இருக்குமே, மறந்துட்டீகளா?" என்று காதோடு சொன்னால் போதும், "அடடே, வடமதுரை! தோல் எரிச்சல் நின்னுருச்சா?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சிஸ்டர் அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆள் கிடையாது.

தாடிக்கொம்பு பக்கம் ஒரு கிராமத்தில் கத்திரியும் தக்காளியும் போட்டுக்கொண்டிருந்த பவுல்ராஜின் மூத்த மகள் அவர். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்து, எண்பத்தெட்டில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டவுன் பஸ் கண்டக்டர் ஆனந்த்ராஜைக் கட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைக் கவனிக்கும் வேலை எப்படியோ அவர் தலையில் வந்து விழுந்தது. மலக்குடலில் கட்டி வந்தவர்களுக்குக் கட்டியை எடுத்துவிட்டு, குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லாம் அந்த வழியாகத்தான். அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்ற நர்சுகள் மூக்கைச் சுளிக்கிற வேலை அது. இவர் சுளிக்கவில்லை, அதனால் அது இவருடைய வேலையாகிவிட்டது.

அவரை மாற்றியது வடமதுரை ஒச்சாயி. தொண்ணூற்றைந்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போன அந்த அம்மாள், மூன்று வாரம் கழித்துத் தோல் வெந்துபோன வயிற்றோடு வந்து நின்றார். பை தீர்ந்துபோயிருக்கிறது. சீனி வாங்கி வந்த கவரைக் கவிழ்த்து வைத்து, சேலைக் கிழிசலால் சுற்றிக் கட்டியிருந்தார். "ஏம்மா, முன்னமே வரக்கூடாதா?" என்று சகாயசெல்வி சத்தம் போட்டதற்கு, "வீட்டுக்குப் போனா எல்லாம் சரியாப் போகும்னு நீங்கதானே தாயி சொல்லி அனுப்பினீக" என்றார் ஒச்சாயி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சிஸ்டருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு யார் டிஸ்சார்ஜ் ஆனாலும் மாத்திரைச் சீட்டின் பின்னால் தன் வீட்டுப் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போனார். காலையில் ஆனந்த்ராஜ் இட்லியைச் சட்னியில் தோய்க்கிற நேரம் பார்த்துத்தான் போன் அடிக்கும். "தண்ணியாப் போகுதாம், நிறம் பச்சையாம், கேக்குறாக" என்று அவர் ரிசீவரை நீட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். புலம்புவாரே தவிர, ஒரு நாளும் போனை எடுக்காமல் விட்டதில்லை. அந்த வகையில் ஆனந்த்ராஜ் தங்கமான மனுஷன்.

இரண்டாயிரத்து ஏழில் சிஸ்டருக்கு முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. பஸ் படிக்கட்டு ஏற முடியவில்லை. அந்த நேரத்தில் பெரிய டாக்டர் தன் பழைய கம்ப்யூட்டரை ரெக்கார்டு ரூமுக்குத் தள்ளிவிட, அங்கே வேலை பார்த்த இசைவாணி அதில் ஒரு கேமராவை மாட்டி, இன்டர்நெட்டில் ஆளைப் பார்த்துப் பேசும் வித்தையைக் காட்டிக் கொடுத்தாள். முதல் நாள் சிஸ்டர் பவுடர் பூசி, புதுச் சேலை கட்டி, டி.வி.யில் செய்தி வாசிக்கிறவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எதிரில் தெரிந்தது ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவருடைய வயிறு. அதற்குப் பிறகு பவுடர் பூசவில்லை.

படம் விட்டு விட்டு வரும். குரல் ஒரு நிமிஷம் கழித்து வரும். அதனால் படத்துக்குக் கம்ப்யூட்டர், பேச்சுக்குப் போன் என்று வைத்துக்கொண்டார்கள். பிரவுசிங் சென்டரின் மூடிய அறையிலிருந்து சில பேர், சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து சில பேர் என்று ஆறேழு பேர் அப்படி அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர்தான் சாணார்பட்டி மலைச்சாமி.

மலைச்சாமி பூ விவசாயி. மல்லிகையும் கனகாம்பரமும் போட்டவர். நாற்பது வருஷமாக விடிவதற்கு முன் பூ மார்க்கெட்டில் நிற்கிற ஆள். இரண்டாயிரத்து எட்டு சித்திரையில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது, கட்டி முழுசாகப் போய்விட்டது. வைகாசியில் வீட்டுக்கு வந்தவர், அதோடு வாசப்படியைத் தாண்டவில்லை.

அவருடைய மகன் அழகுராஜா வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கம்ப்யூட்டர் அங்கே இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். இரண்டே காலுக்கு அழகுராஜா ஷட்டரைப் பாதி இறக்கி, பெஞ்சைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டு, கேமராவைத் திருப்பி வைத்துவிட்டுத் தான் சுவரைப் பார்த்து நின்றுகொள்வான். மலைச்சாமி மார்பில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, வேட்டியைத் தொடைக்கு இறக்கிவிட்டு, மல்லாந்து படுப்பார். மனைவி அய்யம்மாள் பையைக் கழற்றிக் காட்டுவார். நட்ட நடு மத்தியானத்தில் ஷட்டரை இறக்கிக் கம்ப்யூட்டரில் அப்படி என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பி, அது டீக்கடை வரைக்கும் போய்விட்டது. அழகுராஜா விளக்கம் சொல்லவில்லை. அப்பாவுக்காக அந்தக் கெட்ட பெயரை வாங்கிக்கொண்டான்.

சகாயசெல்விக்கு அய்யம்மாளின் முகம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு கண்ணாடி வளையல் போட்ட கைகள் நன்றாகத் தெரியும். முதல் வாரம் அந்தக் கைகள் தடுமாறின. ஆனி பிறந்தபோது, வெந்நீரில் துடைத்து, ஈரம் ஒற்றி, பையின் ஒட்டு வளையத்தில் அளவாக ஓட்டை வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டுகிற வேலையை எந்த நர்சுக்கும் குறையாமல் செய்தன.

இருந்தும் பை நிற்கவில்லை. நாலு நாள் தாங்க வேண்டியது நாலு மணி நேரம் தாங்கவில்லை. மேல் ஓரம் பிய்ந்து ஒழுகிவிடும். ஓட்டையின் அளவை மாற்றச் சொன்னார் சிஸ்டர். வேறு கம்பெனிப் பையை வாங்கி அனுப்பினார். பவுடர் போடச் சொன்னார், பசை தடவச் சொன்னார். "இடுப்புல இறுக்கமா எதுவும் கட்டுறீகளாண்ணே?" என்று கேட்டார். "இல்ல சிஸ்டரம்மா" என்றார் மலைச்சாமி. கேமராவில் பார்த்தால் தோல் சுத்தம், ஒட்டு சுத்தம், எல்லாம் சுத்தம். போனை வைத்து மூன்று மணி நேரத்தில் மறுபடி போன் வரும். "போயிருச்சு சிஸ்டர்" என்பார் அய்யம்மாள்.

ஆடி நடுவில் ஒரு நாள் மலைச்சாமியின் மகள் சுகன்யா தனியாகப் போன் செய்தாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பிடித்தாயிற்று.

"அப்பா மணவறைக்கு வரமாட்டேங்குறாக சிஸ்டர். சித்தப்பா தாரை வார்த்துக் குடுக்கட்டும்னு சொல்றாக. அத்தனை சனத்துக்கு முன்னாடி ஒழுகிட்டா ஒனக்குத்தாண்டி அசிங்கம்கிறாக. இப்பவே கஞ்சிய மட்டும் குடிச்சுக்கிட்டு கெடக்காக, காயி, கூட்டுன்னு எந்த வெஞ்சனத்தயும் தொடுறதில்ல. உள்ள போனாத்தானே வெளிய வருமாம்."

"நீ என்னம்மா சொன்ன?"

"எங்கப்பா கையால தண்ணி ஊத்தாட்டி எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்னுட்டேன்."

சொல்லிவிட்டுத் தேம்பினாள். சகாயசெல்வி ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டார். எதை வைத்து அந்த வாக்கைக் கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை பை நிற்காததன் காரணம் தெரியவந்தது. பை மாற்றி முடிந்து, அய்யம்மாள் போனை வைத்துவிட்டு உள்ளே போனார். அழகுராஜா ஷட்டரைத் தூக்கப் போனவன் கேமராவை நிறுத்த மறந்துவிட்டான். சிஸ்டர் நோட்டில் எழுதிக்கொண்டே தற்செயலாக நிமிர்ந்தார். மலைச்சாமி பெஞ்சிலிருந்து எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார். பிறகு தலைமாட்டிலிருந்து எதையோ எடுத்தார். நாலு விரல் அகலப் பச்சை பெல்ட். வயிற்றை எக்கிக்கொண்டு, சற்று முன் அய்யம்மாள் அத்தனை பக்குவமாக ஒட்டிய இடத்தின் மேலேயே, அதை இழுத்து மாட்டினார்.

"ஐயோ!" என்று சிஸ்டர் போட்ட சத்தத்தில் இசைவாணி ஓடிவந்தாள்.

உடனே போன் போட்டார். மலைச்சாமியே எடுத்தார்.

"அண்ணே, இறுக்கமா எதுவும் கட்டலைன்னு சொன்னீகளே, அந்தப் பெல்ட்டு என்ன?"

"இறுக்கமா எங்க சிஸ்டரம்மா கட்டுறேன்? ரெண்டு ஓட்டை தள்ளித்தேன் போட்டிருக்கேன்." அவர் பொய் சொல்லவில்லை. இருபது வயதில் கட்டிய பெல்ட், குளிக்கவும் தூங்கவும் மட்டும்தான் கழற்றுவார். சிஸ்டர் பார்க்கிறார் என்று மரியாதைக்கு அதைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அது அழுத்துறதாலதான் கீழ எறங்க வழியில்லாம மேல பிச்சுக்கிட்டு வருது. பெல்ட்டைத் தொடாதீக."

"சரி. அப்ப வேட்டிய எங்குட்டு கட்டுறது? வேட்டி முடிச்சும் அங்கனதானே வருது?"

சிஸ்டர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். "நாளைக்குச் சொல்றேண்ணே" என்று போனை வைத்துவிட்டு, அலமாரியில் மலைச்சாமியின் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தார்.

குடலை எந்த இடத்தில் வெளியே வைப்பது என்று ஆபரேஷனுக்கு முதல் நாள் வயிற்றில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார்கள். டாக்டர் அந்தப் புள்ளியில்தான் வைப்பார். புள்ளி வைப்பது சகாயசெல்வியின் வேலை. ஆளைப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும், உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், எழுந்து நிற்கச் சொல்லி வேட்டி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். நூறு பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறார். அன்றைக்கு மலைச்சாமி பேதி மருந்து குடித்துத் துவண்டுபோய்க் கிடந்தார். எழுந்தால் தலை சுற்றியது. கைலியை எங்கேயோ அடிவயிற்றில் சுற்றியிருந்தார். பாவம், படுத்திருக்கட்டும், காலையில் நிற்க வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று புள்ளியை வைத்தார். காலையில் ஆபரேஷன் தியேட்டருக்குச் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள். கேஸ் ஷீட்டில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: படுத்த நிலையில் குறித்தது.

மூன்று மாதமாகப் பையை மாற்று, பசையை மாற்று என்று அந்த மனுஷரை அலைக்கழித்தாயிற்று. மாற்றியிருக்க வேண்டியது தன் புள்ளியை. இன்னொரு தடவை வயிற்றைக் கிழிக்காமல் அதை இனி மாற்ற முடியாது. சகாயசெல்வி ரெக்கார்டு ரூமிலேயே உட்கார்ந்து அழுதார்.

வீட்டில் ஆனந்த்ராஜிடம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "பெல்ட்டு மேலயே பழியப் போட்டுட்டா யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்த பார்வையில், "சும்மா கேட்டேன். நீ சொல்லாம இருக்கமாட்டன்னு எனக்குத் தெரியும்" என்று காபியை நகர்த்தி வைத்தார்.

மறுநாள் இரண்டே காலுக்கு மலைச்சாமி பெஞ்சில் படுத்ததும், சிஸ்டர் பையைக் கழற்ற வேண்டாம் என்றார்.

"அண்ணே, தப்பு ஒங்க பெல்ட்டுது இல்ல. என்னோடது. ஒங்கள எந்திரிச்சு நிக்க வச்சு, வேட்டி கட்டச் சொல்லி, அதப் பார்த்துட்டுத்தான் நான் புள்ளி வச்சிருக்கணும். படுத்த வாக்குல வச்சுட்டேன். அதான் வேட்டி கட்டுற எடத்துலயே வந்துருச்சு. என்னைய மன்னிச்சுருங்கண்ணே."

படம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தார். நிற்கவில்லை, அய்யம்மாளின் வளையல் கை மட்டும் லேசாக ஆடியது. பிறகு மலைச்சாமி எழுந்தார், வேட்டியைக் கட்டினார், கேமராவுக்கு வெளியே போனார். அழகுராஜா வந்து கம்ப்யூட்டரை நிறுத்தினான்.

வியாழக்கிழமை இரண்டே காலுக்கு, இணைப்புக்கு வந்தால் பச்சையாகிற அழகுராஜாவின் பெயர் திரையில் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் டீயைக் குடிக்காமல் ஆற விட்டார். பூ மார்க்கெட்டில் யாருக்கும் அடங்காத வாய் மலைச்சாமிக்கு என்று கேள்விப்பட்டிருக்கிறார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவர் பேசாமல் போனதுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை இரண்டே காலுக்குப் பெயர் பச்சையானது. படம் வந்தது. வயிறு இல்லை, முகம். நரைத்த மீசையும் குழி விழுந்த கன்னமுமாக மலைச்சாமி நின்றுகொண்டிருந்தார். மூன்று மாதத்தில் கேமராவில் அவர் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனை அவரே பிடித்திருந்தார்.

"ரெண்டு நாளா ஒங்க மேல அம்புட்டுக் கோவம் சிஸ்டரம்மா. இல்லைன்னு சொல்லமாட்டேன்."

"வரத்தானே செய்யும்ணே."

"நாப்பது வருசமா மார்க்கெட்டுக்குப் போறேன். என் தராசு தப்புன்னு ஒரு யாவாரியும் தானா வந்து சொன்னதில்ல. நானா கண்டுபிடிச்சுக் கேட்டாலும் சத்தியம் பண்ணுவாய்ங்கெ. நேத்து பூரா அதத்தேன் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." வேட்டி முனையைக் கையில் எடுத்தார். "சொல்லுங்க, வேட்டிய எங்குட்டு கட்டணும்?"

தொப்புளுக்கு நாலு விரல் மேலே என்றார் சிஸ்டர். மலைச்சாமி அழகுராஜாவைப் பார்த்தார். "ஏலே, பொம்பளைக ஆத்துல குளிக்கிறப்ப கட்டுற மாதிரியில்ல கட்டச் சொல்றாக" என்றார். ஷட்டருக்குப் பின்னால் அந்த வீட்டில் வெகு நாளைக்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேட்டது, போனில் சிஸ்டருக்கும் கேட்டது.

பழைய வேட்டியை நாலாக மடித்து அகலமான பட்டி ஒன்று தைக்கச் சொன்னார். நடுவில் வட்டமாக வெட்டி, பை அதன் வழியாக வெளியே தொங்க வேண்டும். பட்டி வளையத்தைத் தாங்கிக்கொள்ளும், அழுத்தாது. அதற்கு மேலே, விலாவுக்குக் கீழே வேட்டி. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட். பெல்ட் இல்லாமல் மலைச்சாமி மணவறைக்கு வரமாட்டார் என்பது பேச வேண்டாத விஷயம். எல்லாவற்றையும் மறைக்க நீளமான ஜிப்பா.

பிறகு ஒத்திகை நடந்தது. தினம் இரண்டே காலுக்கு மலைச்சாமி கேமராவுக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்தார், செம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். "இன்னும் செத்த நேரம் குனிஞ்சே இருங்கண்ணே, ஐயர் சீக்கிரம் விடமாட்டாரு" என்பார் சிஸ்டர். முதல் பை ஒரு நாள் தாங்கியது. அடுத்தது மூன்று நாள். அதற்கடுத்தது நாலு நாள் நின்றபோது, அய்யம்மாளின் இரண்டு கைகளும் கேமராவுக்கு முன்னால் வந்து கும்பிட்டன.

ஆவணி முகூர்த்தத்தன்று சகாயசெல்வி முழங்கால் வலியோடு மண்டபத்துக்குப் போனார். கண்டக்டர் புருஷன் கையைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க, இவர் மட்டும் மலைச்சாமியின் இடது இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் சீக்கிரம் விடவில்லை. மலைச்சாமி ஒரு மணி நேரம் புகையில் உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்து, ஒத்திகையில் செய்தபடியே குனிந்து தண்ணீர் ஊற்றினார். ஜிப்பா வெள்ளையாகவே இருந்தது. சுகன்யா அப்பாவையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள், மாப்பிள்ளை பாவம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் சிஸ்டருக்குப் பக்கத்து இலையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினால் மலைச்சாமி.

"முந்தாநாள்லருந்தே பட்டினி கெடக்கலாம்னு பாத்தேன், அய்யம்மா விடல" என்றவர், இலையைத் துடைத்துச் சோற்றை வாங்கினார். சாம்பாருக்குச் சாப்பிட்டார். ரசத்துக்குச் சாப்பிட்டார். கத்திரிக்காய்க் கூட்டு வந்தபோது, "இங்கிட்டு இன்னொரு கரண்டி போடப்பா" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். மூன்று மாதம் கஞ்சியில் கிடந்த மனுஷர் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து கூட்டைக் கேட்டு வாங்குகிறார். சகாயசெல்விக்குக் கண் நிறைந்து இலை மங்கிப்போனது.

"சிஸ்டரம்மா, அடுத்தாப்புல யாருக்கு ஆபரேசனு?"

"நத்தத்துக்காரர் ஒருத்தருக்கு. புதன்கிழமை."

"அப்ப செவ்வாக்கிழமை ரெண்டே காலுக்கு நான் ஷட்டர எறக்கச் சொல்லிர்றேன். ஒங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்கு முன்னாடி அந்தாள நிப்பாட்டுங்க. தலை சுத்துதுன்னு சொன்னாலும் ரெண்டு பேரு பிடிச்சு நிப்பாட்டுங்க. நான் பேசிக்கிறேன். வேட்டியக் கட்டுப்பு, பெல்ட்டையும் மாட்டுன்னு சொல்லி, மாட்டுனதுக்குப் பெறகுதேன் நீங்க பேனாவ எடுக்கணும்."

"இனிமே நிக்க வச்சுத்தான் புள்ளிண்ணே" என்றார் சிஸ்டர்.

"என்ன, எலையில சோறு அப்படியே கெடக்கு?" என்று மலைச்சாமி அவர் பக்கம் ரசத்தைக் கூப்பிட்டார். "சாப்பிடுங்க, பூரா ஆறிப் போகுது."